திடலும் தெருவும்: வேகத்தின் அறம் பற்றிய ஒரு நோக்கு

வேகம் மனிதனுக்குப் புதிதான ஆசையன்று. காலால் ஓடியவன் குதிரைமீது ஏறினான். குதிரையைத் தேரிற் பூட்டினான். தேரை விட்டு இயந்திரத்தைப் படைத்தான். ஒவ்வொரு படியிலும் பயணநேரம் குறைந்தது என்பது உண்மையே. எனினும், நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு மாத்திரமே அவன் விரைந்தான் என்று கூறுதல் பொருந்தாது. எங்கும் போய்ச் சேராத பந்தயத் திடலிலும் அவன் விரைந்தான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகவும் விரைந்தான். எனவே வேகம் ஒரு கருவி மாத்திரமன்று. அதுவே ஓர் இன்பமுமாகும். இவ்வின்பம் அறத்தோடு பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவை நான் ஏட்டிலிருந்து பெறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன், மாலை நேரத்தில் மோட்டார் சைக்கிளில் மிகுந்த வேகத்துடன் வந்தபோது, ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறிய முதியவர் ஒருவரின் சைக்கிளோடு மோதினான். முதியவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். மாணவனின் கால் முறிந்தது. அவனைப் பார்க்கச் சென்ற நான், ஆசிரியர்க்கே உரிய வழக்கப்படி அறிவுரை கூறினேன். வேகத்தை விரும்பியதே அவன் செய்த முதற் குற்றம் என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “நீங்கள் ஒருநாளும் வேகமாய் ஓடினதில்லையா, சேர்?” என்று கேட்டான். “இல்லை” என்றேன். அது உண்மை. ஆனால் அவ்வுண்மையில் எனக்குப் பெருமை கொள்ள இடமில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

நான் வாகனமோட்டப் பழகியது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் குடாநாட்டிற் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த அந்நாள்களில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமையை அக்காலத்தவர் யாவரும் அறிவர். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரும்புகையோடும் இருமலோடும் கார் புறப்படும். புறப்படாவிடின் உறவினர் இறங்கித் தள்ளுவர். நான் பழகிய ஒஸ்ரின் ஏ-40இன் இயந்திரம், புதிதாயிருந்தபோதே 40 பரிவலுவை ஒட்டியது. மண்ணெண்ணெயில் அதிலும் எவ்வளவு எஞ்சியதோ! அக்காரில் எவரும் அடக்கமாகவே ஓட்டினர். அது ஓட்டியின் அடக்கமன்று, காரின் இயலாமையாகும். இவ்வேறுபாட்டை நான் அன்று அறிந்திலேன்.

2018ஆம் ஆண்டு கோடைகாலத்தில் இலண்டனில் வாழும் சகோதரியின் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தேன். மருமகன் ஒருநாள் என்னைக் கென்ற் மாவட்டத்திலுள்ள பிராண்ட்ஸ் ஹச் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்றான். 1964ஆம் ஆண்டு தொடக்கம் 1986ஆம் ஆண்டு வரை பிரித்தானிய கிராண்ட் பிறீ பந்தயம் பன்னிரு தடவை நடைபெற்ற இடம் அது. பணஞ் செலுத்துவோர், பயிற்சியாளர் ஒருவர் அருகிலிருக்க, வலிமை வாய்ந்த பந்தயக் காரொன்றை அங்கு சில சுற்றுகள் ஓட்டலாம். “மாமா, ஒருக்கா ஓடிப் பாருங்கோ” என்று அவன் வற்புறுத்தினான். 400 பரிவலுவுக்கு மேற்பட்ட கார். என் பழைய ஒஸ்ரினைப்போற் பத்து மடங்கு ஆற்றலுடையது.

பயிற்சியாளர் கூறியவை மூன்றே. வளைவுக்கு முன்னரே, பாதை நேராயிருக்கும்போதே, பிறேக் பிடித்து முடித்துவிடு. அஞ்சும் இடத்தைப் பாராதே, சேரவேண்டிய இடத்தைப் பார்; கண் போகும் திசைக்கே கை போகும். கைகால்களின் அசைவு எதுவும் திடீரென்று நிகழலாகாது. முதலிரு சுற்றுகளிலும் அச்சமன்றி வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. மூன்றாஞ் சுற்றில், நேரான பாதையில், அக்சிலறேற்றரை முழுவதும் மிதித்தேன். முதுகை ஆரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தியதுபோல் இருந்தது. என்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். கற்பித்தலிலும் கட்டுரையிலும் காலங்கழித்த ஒருவனுள்ளே, ஐம்பது வயது கடந்த பின்னும், அச்சிரிப்பு எங்கிருந்தது?

அடுத்த கணமே முதல் வளைவு வந்தது. படொக் ஹில் எனப்படும் அவ்வளைவில் பாதை வலப்புறந் திரும்பிக்கொண்டே செங்குத்தாகக் கீழிறங்குகின்றது. உள்ளே நுழையும்போது அதன் அடி கண்ணுக்குத் தெரிவதில்லை. வேகங் கூடிவிட்டது என்பதை வளைவுக்குள் வந்த பின்னரே உணர்ந்து, அஞ்சிக் காலைச் சட்டென்று எடுத்தேன். காரின் பின்புறம் வழுக்கத் தொடங்கியது. பயிற்சியாளரின் கை ஸ்ரியறிங்கைப் பற்றி வண்டியை நேராக்கியது. காலை எடுத்ததும் காரின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது; பின் ரயர்கள் நிலத்தைப் பற்றும் பிடி குறைகிறது; ஆகவே வால் வழுக்குகிறது என்று அவர் பின்னர் விளக்கினார். அவர் விளக்கியது பௌதிகம். எனக்கு அது அறவியலாகவும் பட்டது. அடக்கம் என்பது வளைவுக்கு முன் வரவேண்டும். வளைவுக்குள் வருவது அடக்கமன்று, அச்சம். பிந்தி வந்த அச்சம் ஆபத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

இவ்வநுபவத்திலிருந்து முதலாவதாகப் பெறப்படுவது, ஆற்றலுக்கும் ஆளுமைக்கும் உள்ள வேறுபாடாகும். நான் பெற்ற வேகத்தில் என்னுடையது எதுவுமில்லை. இயந்திரத்தை ஆக்கியவர் வேறொருவர். பணஞ் செலுத்தியவன் மருமகன். நான் செய்தது ஒரு மிதியை அழுத்தியது மாத்திரமே. ஆனால் இன்பமோ, அவ்வாற்றல் முழுவதும் எனதே என்ற மயக்கத்தைத் தந்தது. கடோபநிடதம் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கின்றது. பிளேற்றோவும் ஆன்மாவை இரு குதிரைகள் பூட்டிய தேரின் சாரதியோடு ஒப்பிட்டார். ஒன்றையொன்று அறியாதிருக்கக்கூடிய இரு மரபுகளும் ஒரே உவமையைத் தேர்ந்தமை வியப்பன்று. ஆற்றல் தேரிலும் குதிரையிலும் உள்ளது, பொறுப்பு சாரதியிடம் உள்ளது என்ற உண்மை தேரேறிய எவருக்கும் புலப்படக்கூடியதே.

முற்காலத்துத் தேருக்கும் இக்காலத்து இயந்திரத்துக்கும் ஒரு வேற்றுமையுண்டு. குதிரை களைக்கும், மாடு மறுக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் இன்றும் விருப்போடு நடத்தப்படும் மாட்டுவண்டிச் சவாரியை எடுத்துக்கொள்வோம். மாடுகளோடு பல மாதம் பழகாதவன் சவாரி வண்டியில் ஏறி நிற்கவும் மாட்டான். அங்கு ஆற்றல் உழைப்பின்றிக் கைவருவதில்லை. வந்த ஆற்றலுக்கும் அவ்வுயிர்களின் மூச்சே எல்லை வகுக்கிறது. மண்ணெண்ணெய்க் காருக்கு வறுமை எல்லை வகுத்தது. பந்தயக் காரிலோ புறத்தேயுள்ள எல்லைகள் யாவும் நீங்கிவிடுகின்றன. அது களைப்பதில்லை, மறுப்பதில்லை, கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் ஒரேவாறு பணிகிறது. ஆதலால், முன்னர் விலங்கும் வறுமையும் சுமந்த அடக்கத்தின் பாரம் முழுவதையும் இன்று மனிதனே தன்னுள் சுமக்க வேண்டியுள்ளது. எல்லையற்ற கருவியைக் கையேற்பவன், எல்லையைத் தானே படைக்கக் கடமைப்பட்டவன் என்க.

இதனால் சவாரியே சிறந்ததென்று முடிவுகட்டுதல் அவசரமாகும். சவாரி மாடுகளைப் பிள்ளைகள்போற் குளிப்பாட்டி வளர்ப்போர் உளர். ஆயினும் பந்தய நாளில் அம்மாடுகள் துவரங்கேட்டியால் அடிக்கப்படுவதும் கூர்முனையாற் குத்தப்படுவதும் உண்டு. வெற்றியின் மகிழ்ச்சி மனிதனுக்கு. அதன் விலை மாட்டுக்கு. விலையைக் கொடுக்கும் உயிரின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. இவ்விடத்திலேதான் நம் வினாவின் மையம் வெளிப்படுகிறது. ஓர் இன்பம் எவ்வளவு வேகமானது, எவ்வளவு ஆபத்தானது என்பதன்று கேட்கவேண்டியது. அதன் விலையை ஆர் கொடுக்கிறார் என்பதே கேட்கவேண்டியது.

இவ்வளவுகோலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மனுநீதிச் சோழன் கதையைப் பெரியபுராணம் திருவாரூரில் நிகழ்ந்ததாகக் கூறும். மகாவம்சமோ, அதனையொத்த கதையை அனுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது. ஒரே தீவின் பகைமரபுகள் என்று நாம் எண்ணுபவை இரண்டும் இக்கதையைப் போற்றியமை கருதத்தக்கது. இளவரசன் தேரேறித் தெருவிற் சென்றான். கன்றொன்று சில்லில் அகப்பட்டு இறந்தது. கன்றைக் கொல்லும் எண்ணம் அவனுக்கிருந்ததில்லை. தந்தை வழங்கிய தண்டனையை இன்றைய நீதியுணர்வு ஏற்காது. ஆனால் அக்கதையின் உட்கருத்து ஏற்கத்தக்கதே: கன்று தேரேறவில்லை, தேரோட்டத்தின் இன்பத்தில் அதற்குப் பங்கில்லை, ஆயினும் விலை முழுவதையும் அதுவே கொடுத்தது. ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் ஏறிவந்த முதியவரும் அவ்வாறே.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். வண்டியின் அச்சு முறிதலை வலியறிதலிலும், நெடுந்தேர் கடலில் ஓடாமையை இடனறிதலிலும் உவமையாக ஆளுகின்றார். வலிமை தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. இடத்தோடு பொருந்தும்போதே அது வலிமையாகும். இக்கண்கொண்டு நோக்கின், பந்தயத் திடல் என்பது வெறும் பொழுதுபோக்கிடமன்று. அஃது ஓர் அறவியற் கண்டுபிடிப்பு. எதிரே வருவோர் இல்லை, ஒழுங்கை இல்லை, பள்ளிப் பிள்ளைகள் இல்லை, தவறினால் வாங்கிக்கொள்ளச் சரளைப் படுகையும் தடுப்பும் உண்டு. ஒழிக்கவியலாத ஓர் ஆசைக்கு, பிறரைத் தீண்டாத ஓரிடத்தை வகுத்துக் கொடுப்பதே திடலின் பொருள்.

வேலி பழுதாயின் திடலும் தெருவாகிவிடும். 1955ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்திற் காரொன்று பார்வையாளர்மேற் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக, இன்று நம்மவர் பெருந்தொகையாக வாழும் சுவிற்சர்லாந்து, சுற்றுப்பாதைப் பந்தயங்களைத் தடைசெய்து, அத்தடையைப் பல பத்தாண்டுகள் பேணியது. நம் நாட்டிலும் 2024 ஏப்பிரல் 21ஆம் திகதி தியத்தலாவைப் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகியதில் எழுவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. ஓட்டியவர்கள் ஆபத்தை அறிந்தே ஏறியவர்கள். சிறுமி எதனை அறிந்திருப்பாள்?

இங்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். திடலில் ஓட்டுபவன் தன்னுயிரையே பணயம் வைக்கிறான் என்பது உண்மையெனினும், அவனுக்குத் தாயும் மனைவியும் மக்களும் இலரோ? எவனுடைய உயிரும் அவனுக்கு மாத்திரம் உரியதன்று என்பது முதலாவது தடை. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக இந்நாட்டு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அத்தகைய நாட்டினன் வெறுமனே வட்டமிடப் பெற்றோலை எரித்தல் தகுமோ என்பது இரண்டாவது. இவற்றுக்கு முழு விடை என்னிடமில்லை. பயனுள்ளவற்றையே மனிதன் செய்யவேண்டுமெனின் கலையும் விழாவும் அற்றுப்போகும் என்பதை அறிவேன். அயலானின் அவசியத் தேவை நிறைவேறாத வேளையில் என் இன்பம் பின்னிற்க வேண்டும் என்பதையும் அறிவேன். அவ்விரண்டுக்கும் நடுவே அளவைக் காண்பதே அரிஸ்ரோட்டில் கூறிய நடுநிலை அறமாகும். துணிவு என்பது கோழைமைக்கும் மூர்க்கத்துக்கும் இடைப்பட்டது என்றார் அவர்.

1909ஆம் ஆண்டு இத்தாலியரான மரினெற்றி வெளியிட்ட எதிர்காலவாதப் பிரகடனம், பந்தயக் காரின் வேகத்தைப் பழைய சிற்பத்தினும் அழகியதெனப் போற்றியது. அதே பிரகடனம் போரையும் போற்றியது. போர் தின்ற மண்ணில் வாழும் நாம் இத்தொடர்பைத் தற்செயலெனத் தள்ளிவிடலாகாது. எதிரேயுள்ள உயிரைக் காணாத வேகம், சிலகாலத்துள் அவ்வுயிரைப் பொருட்படுத்தாத வேகமாகிவிடும்.

ஆயின் வேகமும் கருணையும் கூடி வாழ்தல் இயலாததோ? அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். கார்காலம் வந்துவிட்டது, காத்திருப்பவளிடம் அவன் விரைகின்றான். விரையும்போதே, வழியோரப் பூக்களில் துணையோடிருக்கும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகின்றான். அவன் தேரை நிறுத்தவில்லை, விரைவைக் கைவிடவுமில்லை. தன் விரைவு எவரைத் தீண்டும் என்பதைப் புறப்படுமுன் எண்ணினான். வளைவுக்கு முன் வந்த அடக்கம் அது.

இலண்டனிலிருந்து திரும்பிய பின்னர் அம்மாணவனைத் தேடிச் சென்றேன். முன்னர் நான் கூறிய அறிவுரையிற் பாதி பிழை என்றேன். வேகத்தை விரும்பியது அவன் குற்றமன்று; அவ்விருப்பம் என்னிடமும் உண்டு; மண்ணெண்ணெய்க் கார் அதனை மறைத்து வைத்திருந்தது. அம்முதியவரின் தெருவைத் தன் திடலாக்கியதே குற்றம் என்றேன். அவன் மறுக்கவில்லை. முதியவரின் வீட்டுக்கு மாதந்தோறும் போய் வருவதாகவும், அவருடைய மனைவி ஒருநாளும் தன்னோடு பேசியதில்லை என்றும், ஆனாற் தேநீர் தராமல் அனுப்பியதுமில்லை என்றும் கூறினான். அவனுக்குச் சொல்வதற்கு என்னிடம் மேலும் எதுவும் இருக்கவில்லை.