தோலுக்கு மேல் ஒரு தோல்

ஆரஞ்சு பிறக்கும்போதே உறையோடு பிறக்கிறது. எண்ணெய்ப் பைகள் நிறைந்த மேல்தோல், அடிபட்டால் தாங்கும் வெள்ளைப் பஞ்சு, சுளைக்குச் சுளை தனிச் சவ்வு என்று மூன்று அடுக்கு. இத்தாலிய வடிவமைப்பாளர் புருனோ முனாரி 1963இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், ஆரஞ்சை ஏதோ தொழிற்சாலை தயாரித்த சரக்கு போலப் பாவித்து மதிப்புரை எழுதினார். விதைகள் வாடிக்கையாளருக்கு நிறுவனம் தரும் இலவசப் பரிசாம். வேடிக்கைக்கு எழுதியதுதான். ஆனாலும் பழத்தையும் காயையும் அழகாக உறையிட்டு விற்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை அது கிளப்பிவிடுகிறது: ஏற்கெனவே தோல் இருக்கும்போது இன்னொரு தோலுக்கு என்ன நியாயம்?

இயற்கைப் பொருளைப் பார்க்கும்போது, யாரோ ஒரு நோக்கத்தோடு அமைத்தது போல் மனம் எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பார்ப்பதில் தவறில்லை, அப்படித்தான் அமைக்கப்பட்டது என்று அடித்துச் சொல்ல மட்டும் அறிவுக்கு உரிமை கிடையாது என்பது 1790இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எடுத்த நிலை. ஆரஞ்சுத் தோல் வாங்குபவரை உத்தேசித்து உண்டானதல்ல. அது மரத்தின் சொந்தக் காரியம். ஆகவே 'இயற்கை கொடுத்த உறையே போதும்' என்ற வாதம் காதுக்கு இனிமையாக இருந்தாலும் பலவீனமானது. கிளையில் தொங்கவும் பறவை கொத்தவும் ஏற்ற தோல், லாரியில் அடுக்கி 500 கிலோமீட்டர் போவதற்கும் ஏற்றதாக இருந்தாக வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பறித்த பிறகும் காயில் உயிர் ஓடுகிறது. ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் சூட்டையும் வெளியே விடுகிறது. காற்றுப் புகாமல் மூடிய பையில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பழம் புளித்துச் சாராய வாடை அடிக்கும். நீர் கோத்த மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். பழுக்கும் வாழையும் தக்காளியும் விடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் பிரக்கோலியை மஞ்சளாக்கிவிடும். உறைகளில் ஊசித்துளை போடுவது இதனால்தான். தாவரத்தை ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியலும் சமண நூல்களும் வகுத்திருக்கின்றன. உறை வரைபவர் அதைச் சமயக் கொள்கையாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே இருப்பது ஜடம் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால் சரக்கு அழுகும்.

சங்கடமான கேள்வி அழகைப் பற்றியது. பல நாடுகளில் ஆரஞ்சு சிவப்பு வலைப்பையிலும் எலுமிச்சை மஞ்சள் அல்லது பச்சை வலையிலும் வருகின்றன. மெல்லிய சிவப்பு நூல்களின் இடைவெளியில் தெரியும் வெளிறிய தோலைக் கண் அந்தச் சிவப்போடு கலந்தே பார்க்கிறது. பழம் நன்றாகக் கனிந்தது போல் தோன்றுகிறது. வீட்டில் வலையை அறுத்துக் கூடையில் கொட்டியதும் நிறம் ஒரு படி இறங்கிவிடும். இது பொய்யா? மனத்தில் ஒன்று இருக்க, சொல்லாலோ வேறு குறியாலோ இன்னொன்றை வெளியிடுவதே பொய் என்று 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் ஆராய்ந்து எழுதினார். அந்த இலக்கணப்படி வலை ஒரு குறியா, வெறும் நூலா என்பதில்தான் வழக்கு. வியாபாரி நூல் என்பார். ஆனால் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அச்சிட்ட சொல் தப்பாக இருந்தால் கடைக்காரரிடம் திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்கலாம். கண் ஏமாந்தால் ஏமாந்ததே தெரியாது.

ஜப்பானில் உறைக்கு வேறு வேலை உண்டு. டோக்கியோவில் 1834இல் தொடங்கிய செம்பிகியா போன்ற பழக்கடைகளில் மஸ்க் மெலன், டி வடிவக் காம்பை வெட்டாமல், பெட்டியில் வைத்துப் பரிசாக விற்கப்படுகிறது. அங்கே அந்தப் பழம் தின்பண்டமாக இருப்பதைவிட மரியாதையாக இருப்பதே அதிகம். கிராமத்து முறை இன்னும் எளிமை. ஒகா ஹிதேயுகி என்பவர் மரபுக் கட்டுகளைத் தொகுத்த நூல் 1967இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் புகழ்பெற்ற கட்டு, ஐந்து முட்டைகளை வரிசையாக வைத்து வைக்கோலால் முடிந்தது. முட்டைகள் வெளியே தெரிகின்றன. நல்லதா, கீறியதா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்ளலாம். அவிழ்த்த வைக்கோலும் வீணில்லை.

அதே நாட்டில்தான் இதற்கு நேர் எதிரான வேலையும் நடக்கிறது. ககாவா மாகாணத்தின் ஜென்ட்சூஜியில் தர்பூசணிப் பிஞ்சை ஒளிபுகும் பெட்டிக்குள் விட்டுச் சதுரமாக வளர்க்கிறார்கள். அழகாக அடுக்கலாம். ஆனால் முற்றுவதற்கு முன்பே அறுப்பதால் வாயில் வைக்க முடியாது. விலை மட்டும் பத்தாயிரம் யென்னை ஒட்டி. பழத்துக்காகப் பெட்டி என்றிருந்தது பெட்டிக்காகப் பழம் என்று புரண்டுவிட்டது, சாப்பாடு போன இடம் தெரியவில்லை. இதோடு ஒப்பிட்டால் ஜப்பானிய வடிவமைப்பாளர் நவோதோ ஃபுகசாவா 2004இல் காட்சிக்கு வைத்த வாழைப்பழச் சாறு டப்பா நேர்மையானது. வாழைத்தோலின் நிறத்தையும் விளிம்புகளையும் அட்டையில் கொண்டுவந்தாலும், அதை நிஜப் பழம் என்று யாரும் நம்பி ஏமாறமாட்டார்கள்.

எஞ்சுவது காலக் கணக்கு. ஒரு வாரத்தில் வாடும் வெள்ளரிக்காயைச் சுற்றிய பிளாஸ்டிக் பல தலைமுறைகளுக்குக் கிடக்கும். பிரான்ஸ் 2022 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ 30 வகைக் காய்கனிகளுக்குப் பிளாஸ்டிக் உறையைத் தடை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஆணையை ரத்துசெய்தது; 2023இல் வந்த புதிய ஆணையும் 2024இல் ரத்தானது. தாய்லாந்தின் சியாங் மாயில் ரிம்பிங் சூப்பர் மார்க்கெட் 2019இல் காய்களை வாழை இலையில் சுற்றி மூங்கில் நாரால் கட்டி விற்றது உலகச் செய்தியானது. வாழை இலையில் பூ மடித்து வாங்கிப் பழகிய தமிழருக்கு இதில் செய்தி என்ன என்று தோன்றலாம். இலை காயோடு சேர்ந்தே வாடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது, தோட்டம் பக்கத்தில் இருக்கும்வரை. சிலியிலிருந்து வாரக்கணக்கில் கப்பலில் வரும் திராட்சைக்கு அது உதவாது. அந்தப் பெட்டிக்குள் பூஞ்சணத்தைத் தடுக்கக் கந்தக டை ஆக்சைடு கசியும் தாள் வைத்தாக வேண்டும். அங்கே கேள்வி உறையை விட்டு, பருவமில்லாத மாதத்தில் திராட்சை கேட்கும் வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறது.