ரிலீவர் வராத வீடு

வீட்டுக்கடன் போன ஆடியில் முடிந்தது. பதினைந்து வருடம். வங்கியிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்கி வந்த அன்று அதை மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் டீ குடித்தோம். "இனிமேதான் இது நம்ம வீடு" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் இவர் விழித்திருந்த பகல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காக்களூர் எஸ்டேட்டில் வேலை, மூன்று ஷிப்ட். வந்தால் தூக்கம், எழுந்தால் வண்டி. நான் வாசல் பக்கம் வருவது கோலம் போடவும், சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்கவும்தான். ஆசைப்பட்டுக் கட்டிய போர்டிகோவில் பைக்கும், காலி சிலிண்டரும், மிச்சமான டைல்ஸ் பெட்டி நான்கும் குடியிருக்கின்றன. மணவாள நகரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு போர்டிகோவும் இப்படித்தான்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு, "எங்கயாவது கடலோரமா ரெண்டு நாள் போய்ட்டு வரலாங்க" என்றேன். எங்கள் மாவட்டத்துக் கடல் பழவேற்காடு. அங்கே ஏற்கெனவே போயாயிற்று. டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. உருப்படியாக நிற்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். அதன் வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். செத்துப் படுத்த இடம் இருக்கிறது, வாழ்ந்த இடம் இல்லை. இவருக்கோ பழைய வீடுகளைப் பார்க்க ஆசை. கடன் அடைத்தவர்களுக்கு வருகிற ஆசைபோல. டேனிஷ்காரர்கள் இருந்த தரங்கம்பாடி என்று முடிவாயிற்று.

எழும்பூரில் ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கினோம். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுக் காலையில் பொறையாறு பக்கம் போகிற பேருந்தைப் பிடித்தோம். தரங்கம்பாடிக்கே ஒருகாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது; 1986இல் நிறுத்திவிட்டார்கள். 1792இல் கட்டிய வெள்ளை நிற நகர வாயிலுக்குள் நுழைந்ததும் சத்தம் குறைந்தது. நேராக ஒரு தெரு. அதன் முடிவில் கடல்.

கவர்னர் பங்களா கோட்டைக்கு எதிரே மைதானத்தைப் பார்த்து நிற்கிறது. வரிசையாக வெள்ளைத் தூண்கள், ஒரு கல்யாணப் பந்தியே போடலாம் போன்ற வராந்தா. இவர் எதையும் பார்ப்பதற்குமுன் சுவரைப் போய்த் தொட்டார். பல வருடப் பழக்கம். எங்கள் வீட்டில் தரையிலிருந்து மூன்றடிக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து நிற்கும். வருடம் தவறாமல் பட்டி பார்ப்போம்.

"இங்கயும் உப்பு பூத்திருக்கு பாரும்மா" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

"பூக்கத்தான் செய்யும். ஆனா இது சுண்ணாம்புச் சுவருங்க" என்றேன். என் அப்பா கொத்தனார். சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுப் பிசைவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தப் பூச்சு உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே வந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் திரும்ப வெள்ளையடிக்க வேண்டும், அவ்வளவுதான். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்து, ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து விழும். சுண்ணாம்பு வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்பது சாப்பாடு மாதிரி. வருடாவருடம் யாராவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவதின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

"இது கவர்னரோட சொந்த வீடா?"

"குவார்ட்டர்ஸ்தாங்க."

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரின் பெரிய வீடுகளில் பலவும் உத்தியோகத்துக்கு வந்தவர்கள் இருந்துவிட்டுப் போனவைதான். 1620இல் ஓவ கேட என்ற டேனிஷ் கப்பற்படைத் தலைவர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். அதற்குப்பின் கவர்னர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1845இல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். (இன்று அந்தப் பணத்துக்கு எங்கள் தெருவில் அரை கிரவுண்டு கிடைக்காது.) பிறகு ஆங்கிலேயக் கலெக்டர் கொஞ்ச காலம் இங்கே இருந்தார்; கடலோரத்தில் அவர் இருந்த பங்களா இப்போது ஹோட்டல். வாடகையைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

மாற்றலாகிப் போகிறவர்கள் கடலைப் பார்த்து உட்கார இவ்வளவு பெரிய இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். தலைமுறைக்கும் நமக்குத்தான் என்று பட்டா வாங்கிய நாங்கள் காலி சிலிண்டருக்கு இடம் விட்டிருக்கிறோம். அவர்களுக்கு உட்கார நேரம் கிடைத்தது வேறு யாரோ உழைத்துக் கொடுத்ததால்தான், மறுக்கவில்லை. கவர்னர் பங்களாவுக்குள் அடுக்களை எங்கே என்று தேடிப்பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. அந்தக்காலத்து வெள்ளைக்காரப் பங்களாக்களில் புகைக்கும் நெருப்புக்கும் பயந்து சமையற்கட்டைக் கொல்லைப்பக்கம் தனியாகக் கட்டுவது வழக்கம். வராந்தாவுக்கு வரலாறு இருக்கிறது. அடுக்களைக்கு இல்லை.

கோட்டைக்குள் போனபோதுதான் இவருக்குப் பிடித்த ஆள் கிடைத்தார். வரும்முன் நான் படித்து வைத்திருந்த கதை அது. 1639க்குப்பின் ஏறக்குறைய 29 வருடம் டென்மார்க்கிலிருந்து இந்த ஊருக்கு ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். 1655இல் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க, சாதாரண ஆள். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு அவர் கோட்டையை விடாமல் காத்தார். இதில் கொடுமை, அவரை வேலைக்கு அனுப்பிய கம்பெனியையே 1650இல் கலைத்துவிட்டார்கள். இல்லாத கம்பெனிக்கு டூட்டி பார்த்திருக்கிறார். 1669இல்தான் ஃபேரோ என்ற கப்பல் வந்து சேர்ந்தது.

இவர் கொத்தளத்துச் சுவரில் சாய்ந்தபடி கணக்குப் போட்டார். "பதினாலு வருசம். ரிலீவர் வராம." ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். அடுத்த ஆள் வந்து இயந்திரத்தின்முன் நிற்கும்வரை நகர முடியாது. எட்டு மணி நேரம் பதினாறாகும். "அப்புறம் என்ன ஆனார்?"

"கவர்னராக்கிட்டாங்க."

"ஓவர்டைம் குடுத்தாங்களா?"

சிரித்தேன். ஆனால் வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது. "ரிலீவர் வராத ஆள் நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்குங்க. இருபத்திரண்டு வருசமா."

குத்திக்காட்டச் சொன்னதில்லை. அந்த டேனிஷ்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேகத்தில் வந்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றார். பிறகு போய் இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கி வந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் மன்னிப்புக் கேட்கும் முறை அது.

சாயங்காலம் மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் நடந்தோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழும்பிய கோயில். முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அலை பின்வாங்கும்போது கருங்கற்கள் தெரிந்து மறைந்தன. இதே கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் வந்து மீனவர் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. "பத்திரம் வாங்கின அன்னிக்கு எவ்ளோ சந்தோசப்பட்டேன்" என்றார் இவர். அதற்குமேல் பேசவில்லை. கல்மேல் உட்கார்ந்தோம். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு வேலையும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு நாள் நினைவுக்கு வரவில்லை.

ஊர் திரும்பிய வாரம் டைல்ஸ் பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. சிலிண்டர் பின்கட்டுக்குப் போனது. பைக் தெருவில் நிற்கிறது. மழை வந்தால் ஓடிப்போய்க் கவர் போட வேண்டும். போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. எதிரே கடல் இல்லை, எதிர்வீட்டு மதில்தான்.

இரவு ஷிப்ட் முடிந்து வருகிற நாட்களில் காலை டீயை இப்போது இவர் போடுகிறார். சர்க்கரை தூக்கல்தான். நான் ஒன்றும் சொல்வதில்லை.