அடியில் நாலு இருந்ததா?

அவர் அந்த ஐந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நடந்தது அவ்வளவுதான்.

செம்பட்டியிலிருந்து சித்தையன்கோட்டைக்குப் போகிற பஸ். என் கறுப்பு டீ-சர்ட்டின் நெஞ்சில் வெள்ளை எழுத்தில் ‘2 + 2 = 5’ என்று மட்டும் இருக்கும். பக்கத்து சீட்டுப் பெரியவர் செம்பட்டி முக்கு தாண்டியதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ‘தம்பி, ஒரு நிமிசம்’ என்று சொல்லிவிட்டு, கட்டைவிரல் நகத்தை ஐந்தின் வயிற்றில் வைத்து மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார்.

‘ரப்பர் பிரிண்டு. கியூரிங் பத்தல. பத்துத் துவைப்புல உரிஞ்சிரும்’ என்றார். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் பாதி ஆயுசு போயிற்றாம். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். ‘ரிஜெக்ட் பீஸு இவ்வளவா!’

ரிஜெக்ட் என்று எதைச் சொன்னார்? கியூரிங்கையா, கணக்கையா? கேட்பதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இன்றுவரை அந்த நகம் என்னை விடவில்லை. பிரிண்ட் தரம் பார்க்கத்தான் சுரண்டினார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாளே வேறு விதமாகப் படுகிறது: தப்பாக விழுந்த எழுத்தின் மேல் இன்னொன்றை அடித்து மறைப்பது பட்டறைகளில் நடக்காததா? ஐந்துக்கு அடியில் ஒரு நாலு இருக்கிறதா என்று பார்த்திருப்பாரோ?

இந்தக் கணக்கு வருகிற ‘1984’ நாவலை நான் கல்லூரியில் அரைகுறையாகப் படித்தேன். நூலகத்துப் பிரதியில் நடுவே சில தாள்கள் இல்லை. பவளம் பதித்த ஒரு கண்ணாடிக் குண்டும், எலிகளும், நாலு விரலைக் காட்டி ஐந்து என்று சொல்லவைக்கிற அந்த அறையும்தான் மனதில் தங்கின. எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் 1903இல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பாவுக்கு வெள்ளைக்கார சர்க்காரின் அபினி இலாகாவில் வேலை. ‘1984’ வெளியானது 1949இல். இந்தக் கணக்கு அவருடைய கற்பனை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் 1931லேயே சோவியத் ரஷ்யாவில் யாகோவ் குமினர் என்ற ஓவியர் இதைச் சுவரொட்டியாகப் போட்டிருக்கிறார். ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டில் முடிப்போம் என்பதற்கான விளம்பரம் அது. இரண்டும் இரண்டும், கூடவே தொழிலாளர்களின் உற்சாகமும் சேர்ந்தால் ஐந்து. கிண்டலே கிடையாது, பெருமையாகச் சொன்னது. நாவலில் சித்திரவதையாக வருவது அங்கே தெருவில் ஊக்கமூட்டும் வாசகமாக இருந்திருக்கிறது. அப்படியானால் என் நெஞ்சில் இருப்பது எது? குமினரா, ஆர்வெல்லா? சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சென்னையில் இதே டீ-சர்ட்டைப் பார்த்து ஓர் இளைஞர் புத்தகக் காட்சிக் கூட்டத்துக்குள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ‘ஆர்வெல்!’ என்றார். நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நொடிக்காகத்தான் இதையெல்லாம் வாங்குகிறோம் என்று நினைக்கிறேன். படித்தவன் படித்தவனுக்குக் கண்ணடிப்பது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை எதிர்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேனே, அங்கேதான் இடிக்கிறது.

எங்கள் ஊரில் உடையைப் படிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மாமா ஒருவர் கரை வேட்டிக்காரர். தெருமுனையில் வரும்போதே, முகம் தெரிவதற்கு முன் கரை தெரிந்துவிடும். டீக்கடையில் சிலர் பேச்சை மாற்றுவார்கள், சிலர் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுவார்கள். ஆட்சி மாறிய பிறகு தாலுகா ஆபீசுக்குப் போகிற அன்று மட்டும் கரையில்லாத வேட்டி கட்டிக்கொள்வார். ‘காரியம் ஆகணும்ல’ என்பார் அத்தை. வீடு திரும்பியதும் முதல் வேலையாக மறுபடி கரை வேட்டிக்கு மாறிவிடுவார். மாற்றுகிறபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

இந்தப் பக்கத்துக்குப் பெரிய ஊர் மதுரை. 1946 மே மாதம் வைகைக் கரையில் கருஞ்சட்டைப் படை மாநாடு நடந்தபோது பந்தலுக்குத் தீ வைத்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் தாக்கப்பட்டார்கள். 1948இல் அந்தப் படையையே சென்னை மாகாண அரசு தடை செய்தது. அந்தச் சட்டையில் ஓர் எழுத்து கிடையாது. எல்லோருக்கும் புரிந்தது, புரிந்ததால் அடி விழுந்தது. 2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் மெட்ரோ சிரீஷும் வாசகம் எழுதிய டீ-சர்ட்டோடு படம் எடுத்துப் போட, ‘ஹிந்தி தெரியாது போடா’ ஒரே நாளில் பரவியது. அதைப் படிக்க எந்த நாவலும் தேவைப்படவில்லை. எதிர்த்தவர்களுக்கும் உடனே புரிந்தது.

ஆனால் புரிவது எழுத்தின் எளிமையால் மட்டும்தானா என்றால், தாய்லாந்து குறுக்கே வருகிறது. 2014இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அங்கே பொது இடத்தில் சும்மா உட்கார்ந்து ‘1984’ படிப்பதே போராட்டமாகிவிட்டது. இத்தனைக்கும் அதுவும் என் டீ-சர்ட் மாதிரி சூசகம்தான். அதைச் சீருடைக்காரர்கள் பிரமாதமாகப் புரிந்துகொண்டார்கள். ஆக, பயம் உள்ள இடத்தில் எல்லோரும் நல்ல வாசகர்கள் ஆகிவிடுகிறார்களோ? அப்படியென்றால் பெரியவர் என் ஐந்தை வெறும் ரப்பராகப் பார்த்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

அதுவும் முழுசாகச் சரியில்லை. கணக்குக்கு மாறான கூட்டலை அவர் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வேன்? பீஸ் ரேட்டில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அடித்த பீஸும் வந்த காசும் ஒத்துப்போகாமல், சூப்பர்வைசர் சொன்ன தொகைக்குத் தலையாட்டியிருக்க மாட்டாரா? இது என் ஊகம்; அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆர்வெல்லை எல்லோர் தலையிலும் கட்டப் பார்க்கிற புத்தியாகவும் இருக்கலாம்.

2025 ஜனவரியில் சென்னை எழும்பூரில் முதலமைச்சர் கலந்துகொண்ட சிந்துவெளி நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு வந்த மாணவிகளிடம் கறுப்புத் துப்பட்டாக்களை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். மிகையான எச்சரிக்கையால் நடந்தது என்று காவல்துறை பிறகு விளக்கம் சொன்னது. அந்தப் பெண்கள் காலையில் சுடிதாருக்குப் பொருத்தமாக ஒரு துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். எதையும் சொல்ல நினைக்காதவர்களின் துணியை ஒருவர் படித்துவிட்டார். சொல்ல நினைத்து, காசு கொடுத்து, நெஞ்சில் எழுதிக்கொண்டு போன என்னிடம் கியூரிங் சரியில்லை என்றார்கள். எதைப் படிப்பார்கள், எதை விடுவார்கள் என்பது போட்டுக்கொள்கிறவன் கையில் கொஞ்சமாவது இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் மாமா வேட்டி மாற்றினார். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.