காக்கையும் பனம்பழமும் விளம்பரக் காசும்

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளிக் கடைத்தெருவுக்கு ஓய்வில்லை. கம்பத்திலிருந்து மலையேறும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் மகரவிளக்கு வரை வந்துகொண்டே இருக்கும். ஊர் திரும்பும்போது ஏலக்காய், மிளகு, நேந்திரம் சிப்ஸ் என்று ஏதாவது ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அந்த இரண்டு மாதமும் ஒரு கடைக்காரர் கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தை பிறந்ததும் கணக்கைத் திறந்தால் விற்பனை ஏறியிருக்கிறது. ஏற்றியது விளம்பரமா, மாலை போட்டு வந்த கூட்டமா?

வியாபாரக் கேள்வி போலத் தெரிந்தாலும் இது தத்துவக்காரர்களின் பழைய கேள்வி. ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று எப்போது சொல்லலாம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வடமொழி மரபு காகதாலீய நியாயம் என்று வகுத்து வைத்திருக்கிறது. கரும்பனைகள் நிறைந்த பாலக்காட்டு எல்லைக் கிராமத்தாருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காக்கை வந்து உட்கார்ந்தது உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. இரண்டையும் இணைக்கும் ‘அதனால்’ மட்டும் நிரூபிக்கப்படவில்லை.

மணிமேகலைக் காப்பியத்திலும் இதைத் தொடும் ஒரு காதை இருக்கிறது. சேரர் தலைநகரான வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துரைக்கிறார்கள். முதலில் பேசும் அளவைவாதி, அறியும் வழிகள் பத்து என்று அடுக்குகிறான். வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று ஊகிப்பது அவற்றில் கருதல் அளவையின் ஒரு வகை. அறிவு பிழைபடும் எட்டு வழிகளையும் அவன் சொல்கிறான். ஐயம் அதில் ஒன்று, ஆராயாமலே தெளிந்துவிடுவது இன்னொன்று. விளம்பர அறிக்கையைப் பார்த்து அடுத்த மாதத் தொகையை இரட்டிப்பாக்கும் கடைக்காரர் விழுவது இந்த இரண்டாவது பள்ளத்தில்தான்.

அந்த அறிக்கையைச் சொல்வது யார் என்பதும் முக்கியம். பிறர் சொல்லை நம்பி அறிவதை நியாயம் என்னும் தருக்க மரபு ஏற்கிறது. ஆனால் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும்: விஷயம் தெரிந்தவர், உள்ளதை உள்ளபடி சொல்பவர். விளம்பர இடத்தை விற்கும் நிறுவனமே அதன் பலனையும் எண்ணித் தரும்போது அந்தத் தகுதியைச் சோதித்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன கூகுள் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெர்ரி டிஷ்லர், விளம்பரதாரர்களுக்குத் தெரிவிக்காமலே விளம்பர இடத்துக்கான ஏல முறையை மாற்றி விலையை 5 சதவீதம் அளவுக்கு உயர்த்தியதுண்டு என்று ஒப்புக்கொண்டார்.

இடுக்கிக்காரர்களுக்கு ஏலம் புதிதில்லை. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்களில் ஏலக்காய் லாட் லாட்டாக விலை போகிறது. சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை ஏறுவதைத் திரையில் கண்டு வியாபாரிகள் கேட்கிறார்கள். அதே ஏலக்காயை இணையத்தில் விற்க விளம்பர இடம் வாங்கும்போது, தன்னோடு போட்டி போடுபவர் எவ்வளவு கேட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரிவதில்லை.

இந்த இருட்டில் வழி காட்டுவதும் நியாய மரபுதான். ஒன்று இருக்கும்போது இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பது அன்வயம். அதை எடுத்துவிட்டால் மற்றதும் போகிறதா என்று பார்ப்பது வியதிரேகம். அறிக்கைகள் முதலாவதை மட்டுமே காட்டுகின்றன. இரண்டாவதைச் செய்து பார்த்தது இணையச் சந்தையான ஈபே நிறுவனம். 2012இல் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய கிளிக்குகளில் 99.5 சதவீதம் காசில்லாமலே வந்து சேர்ந்தது. பொதுவான தேடல்களில், ஈபேயை அடிக்கடி பயன்படுத்துவோரிடம் விளம்பரம் மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வருவோரிடமும் மட்டும் பலித்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் தடெலிஸ் ஆகிய மூவரும் 2015இல் எகனாமெட்ரிகா இதழில் இதை வெளியிட்டார்கள்.

மூணாறில் நான்கு அறை வைத்திருக்கும் ஹோம்ஸ்டேக்காரரும் இதையே சிறிய அளவில் செய்யலாம். தன் விடுதியின் பெயரையே தட்டித் தேடுபவர் பெரும்பாலும் எப்படியும் வந்துவிடுவார். அவருக்காகக் கொடுக்கும் காசை முதலில் நிறுத்திப் பார்க்கலாம். கல்பாத்தியில் அப்பளமும் வடாமும் செய்து அனுப்புகிறவர் ஒரு மாதம் கோயம்புத்தூருக்கு மட்டும் விளம்பரம் காட்டி, திருப்பூரை விட்டுவைத்து, அடுத்த மாதம் மாற்றிப் போடலாம். விளம்பரத்துக்கென்று தனி வாட்ஸ்ஆப் எண் வைத்தால் யார் எங்கிருந்து வந்தார் என்பது இன்னும் தெளியும். கல்பாத்தியில் நவம்பர் தேர்த் திருவிழா, மலையில் மண்டல சீசன் என்று கூட்டம் தானாக வரும் காலம் இந்தச் சோதனைக்கு ஆகாது. 2018இல் மூணாறில் குறிஞ்சி பூத்ததும் ஆகஸ்ட் வெள்ளம் வந்ததும் ஒரே பருவம். அந்த ஆண்டின் கணக்கை வைத்து எந்த விளம்பரத்தையும் எடைபோட முடியாது.

பலனை எதனால் அளப்பது என்பது அடுத்தது. உதாரணத்துக்கு, 1,000 ரூபாய் விளம்பரத்தில் 6,000 ரூபாய்க்கு ஏலக்காய் விற்றதாக அறிக்கை சொல்கிறது, ஆறு மடங்கு. கடைக்காரரின் லாபம் 15 சதவீதம் என்றால் கையில் நிற்பது 900 ரூபாய். விளம்பரத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து அவர் கொடுத்தது 1,180. வரிப்பதிவு இல்லாத சிறு கடை அந்த 180ஐத் திரும்பப் பெறவும் முடியாது. ஆறு மடங்கு என்று மகிழ்ந்த மாதத்தில் 280 ரூபாய் கைநஷ்டம். அந்த 6,000இல் பாதி எப்படியும் வந்திருக்கும் என்றால் நஷ்டம் இன்னும் பெரிது.

வியதிரேகமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மாதம் நாற்பது ஆர்டர் வரும் கடையில் விளம்பரம் ஓடிய பதினைந்து நாளில் 22, ஓடாத பதினைந்து நாளில் 18 என்று வந்தால், வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அப்போது கடைக்காரர் ஐயத்தில் நிற்கிறார். அளவைவாதியின் பட்டியலில் ஐயமும் குறைதான். ஆனால் ஆராயாத தெளிவைப் போல அது பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்வதில்லை. தொகையைக் கூட்டாமல் வைத்துக்கொண்டு, இடவம், மிதுனம் மாதங்களில் மழை பிடித்துக் கூட்டம் குறையும்போது அதே சோதனையை இன்னும் நீண்ட நாள் ஓட்டிப் பார்க்க அவருக்கு வழியிருக்கிறது.