துடிப்பு இறங்கும் நேரம்

ஆக்லாந்து நகரின் மேற்கே வையட்டாருவா மலைச்சாலை. ஆர்தர் லிடியார்ட் என்ற காலணித் தொழிலாளி, தன்னிடம் பயில வந்த இளைஞர்களை அங்கே 35 கிலோமீட்டர் நிற்காமல் ஓடவைத்தார். அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர்க்காரர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கு மணிக்கணக்கில் எதற்கு ஓட்டம் என்று யாருக்கும் தோன்றும். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். அதே மாலையில், ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை முடங்கிப்போன மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். அவரும் லிடியார்டின் பிள்ளைதான்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எமில் சாட்டோபெக் நேர்மாறான வழியில் வந்து நின்றிருந்தார். அவரும் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய பயிற்சி இப்படி: 400 மீட்டர் வேகமாக, பிறகு 200 மீட்டர் மெதுவாக, மறுபடியும் 400. 5,000, 10,000, அதுவரை ஓடியே பார்த்திராத மாரத்தான் என மூன்றிலும் அவருக்கே தங்கம்.

ஓடத் தொடங்கிய நாள்களில், இந்த இருவரில் யார் பக்கம் நிற்பது என்று வெகுகாலம் குழம்பினேன். 2007இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்றைப் படித்ததும் தெளிந்துவிட்டதாக நினைத்தேன். எட்டு வாரம், வாரம் மூன்று நாள். இதயத் துடிப்பின் உச்சத்தில் 90 முதல் 95 விழுக்காட்டைத் தொடும்படி நான்கு நிமிட வேக ஓட்டம், நான்கு முறை. அப்படி ஓடியவர்களுக்கு, உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடியது. அதே அளவு உழைப்பை மெதுவான தொடர் ஓட்டமாகச் செய்தவர்களுக்குக் குறிப்பிடும்படி எதுவும் கூடவில்லை.

ஆனால் எட்டு வாரம் என்பது எட்டு வாரம்தான். தசைக்குள் ரத்த நுண்குழாய்கள் பெருகுவதும், மைட்டோகாண்ட்ரியா செறிவதும், தசைநாண் இறுகுவதும் ஆண்டுக்கணக்கில் கூடிவருபவை. வலிக்காத வேகத்தில் நெடுநேரம் ஓடினால்தான் அவ்வளவு காலம் உடல் தாங்கும். இன்றைய உயர்நிலை ஓட்டக்காரர்களும் பயிற்சியின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 80 விழுக்காட்டை, மெதுவாகவே ஓடிக் கழிக்கிறார்கள்.

என் குழப்பத்தைத் தீர்த்தது ஒரு பெயர். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் ‘இன்டர்வல்’ (இடைவெளி) என்று சொன்னது வேக ஓட்டத்தை அல்ல, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே உள்ள ஓய்வை. துடிப்பு 180 வரை ஏறலாம்; 90 விநாடிக்குள் அது 120க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அன்றைய பயிற்சி அளவு மீறிவிட்டது என்று பொருள். இதயம் வலுப்பெறுவதே அந்த ஓய்வில்தான் என்று அவர்கள் கருதினார்கள். பிற்கால உடலியல் அறிஞர்கள் ஓடும் நிமிடங்களுக்கே கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த விதி எனக்குள் தங்கிவிட்டது. எவ்வளவு வேகமாக ஓடினாய் என்று அது கேட்பதில்லை, எவ்வளவு விரைவில் திரும்பி வந்தாய் என்றுதான் கேட்கிறது.

அப்படித் திரும்பிவரும் ஆற்றலை உடலுக்குப் பழக்குவது நீண்ட ஓட்டம். லிடியார்டின் மலைச்சாலை கெர்ஷ்லரின் 90 விநாடிக்குள் இருக்கிறது. சாட்டோபெக்கும் இடைவெளியில் நின்றதில்லை, மெல்ல ஓடிக்கொண்டே இருந்தார். உச்ச காலத்தில் அவர் ஒரே நாளில் 400 மீட்டரை நூறு தடவை ஓடியிருக்கிறார். வேகமாக ஓடிய தூரமே 40 கிலோமீட்டர். அதைத் தொடர் ஓட்டம் என்பதா, இடைவெளி ஓட்டம் என்பதா? லிடியார்டும் மாதக்கணக்கான நெடு ஓட்டத்துக்குப் பிறகு, பந்தயம் நெருங்கும் வாரங்களில் தன் பிள்ளைகளை ஓடுதளத்தில் வேகமாக ஓடவிட்டவர்தான்.

இன்று காலை நான்காவது சுற்று முடிந்ததும் கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். போன ஆண்டு இதே மைதானத்தில் இரண்டு நிமிடம் கழித்தும் படபடத்த துடிப்பு, இப்போது ஒரு நிமிடம் கடந்ததும் இறங்கிவிட்டது. இந்த ஓராண்டில் வேகச் சுற்று ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை. ஞாயிறு விடியலில் தனியாக மெதுவாக ஓடும் தூரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது.