பெயர் வைக்க என்ன அவசரம்

1993-94 மழைக்காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில், கடலைத் தூர்த்து மேடாக்கிய மணல்வெளியில், பறவை நோக்கர்கள் கண்ணில் சில உப்புக்கொத்திகள் பட்டன. ‘கெண்டிஷ் உப்புக்கொத்தி’ என்று எழுதிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். பார்க்க அதே மாதிரிதான். ஆனால் முதுகு வெளிறியிருந்தது. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே ஓடும் கருங்கோடும் இல்லை. வெள்ளை முகத்தில் கண் மட்டும் மிளகு போலத் துருத்திக்கொண்டு நின்றது. எந்தப் புத்தகத்திலும் அடங்காததால் ‘தெரியவில்லை’ என்றே வைத்துக்கொண்டார்கள்.

2006-இல் பினாங்குப் பக்கம் டேவிட் பேக்வெல் என்ற பறவை நோக்கர் அதே சாயலில் பறவைகளைக் கண்டு படமெடுத்தார். பழைய சந்தேகத்துக்கு உயிர் வந்தது. 2008-இல் கென்னர்லி, பேக்வெல், ரவுண்ட் என்ற மூன்று பறவை ஆய்வாளர்களும் ‘ஃபோர்க்டெயில்’ ஆய்விதழில் விடை சொன்னார்கள்: இது புதுப் பறவையே அல்ல. சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த ராபர்ட் சுவின்ஹோ 1870-இலேயே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் கெண்டிஷோடு சேர்த்து மறந்துவிட்டார்கள். அத்தோடும் முடியவில்லை. 2011-இல் மரபணுவைச் சோதித்தவர்களுக்குப் பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை. பிறகு முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டபோதுதான் தனி இனம் என்பது உறுதியானது.

எனக்கு வியப்பு கண்டுபிடிப்பில் இல்லை. ஒரு சந்தேகத்தை அவ்வளவு வருடம் கெடாமல் வைத்திருந்தார்களே, அதில்தான். நமக்கு அது வராது. டவுனில் ‘தோட்டத்துப் பிள்ளைங்கதானே’ என்று ஒரே வார்த்தையில், தோட்டத்தில் வளர்ந்த எங்கள் கணக்கை முடித்தவர்கள் உண்டு. நாங்களும் பக்கத்து லயத்துக்காரர்களை அப்படித்தான் முடித்தோம், அது வேறு விஷயம்.

கோலா சுங்கை பாருவிலிருந்து பெங்காலான் பாலாக் வரை கடலோரமாக, வருடக் கடைசியில் தண்ணீர் வற்றும் நேரத்தில் நடந்தால் இந்த உப்புக்கொத்தி வகைக் குருவிகள் கண்ணில் படும். நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். வெள்ளை முகக்காரன் சேற்றைவிட மணலைத்தான் விரும்புவான், ஓட்டமும் கூடுதல் என்கிறார்கள். படத்துக்காகக் கிட்டே போகப் போக அது பறந்துவிடும்; கடல் தாண்டி வந்த உடம்புக்கு அது வீண் செலவு. மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, அதுவாக நம் பக்கம் ஓடி வரும்வரை கிடக்க வேண்டியதுதான். சட்டை பாழாகும்; முகத்தின் ஓரம் மட்டும் தெளிவாக விழுந்தால்கூடப் போதும்.

அப்படி விழுந்த ஒரு படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கண்ணுக்கு முன்னால் லேசாக ஒரு பழுப்பு. கோடு என்றும் சொல்லலாம், நிழல் என்றும் சொல்லலாம். ஒரு நிமிடத்துக்குள் மூன்று பெயர்கள் வந்து விழுந்தன, ஒன்று கொக்கு.

“என்ன குருவி மாமா?” என்று கேட்டான் அக்கா மகன்.

“இன்னும் தெரியலப்பா.”

“தெரியாமலா போட்டீங்க?”