பூனைக்கண் பிள்ளையும் வீண் சந்தேகமும்



தாய்க்கும் தகப்பனுக்கும் கருவிழி, பிள்ளைக்கோ பூனைக்கண். “யாரைக் கொண்டு பிறந்திருக்கு?” என்று வந்தவர் சிரித்துவிட்டுப் போகிறார். கணவன் மனதில் முள் தைக்கிறது.

பனூ ஃபஸாரா கோத்திரத்துக் கிராமவாசி ஒருவர், மனைவி கறுப்பு நிறப் பிள்ளை பெற்றுவிட்டதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார். அவருடைய சிவப்பு ஒட்டகங்களுக்குள் சாம்பல் நிற ஒட்டகம் எப்படி வந்தது என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். முன்னோர் வழியாக இருக்கலாம் என்றார். இதுவும் அப்படி இருக்கலாமே என்றார்கள். பிள்ளையை மறுக்க விடவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

கண்ணின் நிறத்தைப் பல மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருப்பது பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்படலாம்.

பிள்ளை பெற்று நாற்பது கழியாத அந்தப் பெண்ணிடம் போய் என்ன கேட்கப் போகிறீர்கள்?